பக்கவிளைவு இல்லாத ஐந்து வாக்கியங்கள்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். பட்ஜெட்டுக்குக்கூட எழுதுகிறோம். ஆனால், நம் ஜனங்கள் வரிக்கு வரி நம்பிப் படிக்கிற ஒரு இலக்கிய வகையை மட்டும் விமர்சகர்கள் யாரும் சீந்துவதில்லை. மருந்து நோட்டீஸைச் சொல்கிறேன். முன்பெல்லாம் பஸ்ஸில் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. நடை மாறவில்லை.

இதில் ஒரு தனிப் பிரிவு உண்டு: 'கீமோவுக்குப் பிறகு வரும் கை, கால் எரிச்சல், மதமதப்புக்கு மூலிகை மருந்து'. இந்த வாரம் அதை விமர்சிக்கலாம் என்றிருக்கிறேன். கிண்டலுக்காக அல்ல. அந்த நோட்டீஸைப் படிப்பவருக்கு வலி நிஜம்.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ஒரு கொம்யூனாகவும் இப்போது நகராட்சியாகவும் இருக்கிற உழவர்கரையில்தான் கோரிமேடு இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியின் வாரிசு. 1964-ல் இந்தப் பெயர் வந்தது. 2008-ல் பாராளுமன்றம் சட்டம் போட்டு, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கியது. அங்கே மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தெல்லாம் விடியற்காலை பஸ் பிடித்து வருகிறார்கள். பையில் ஸ்கேன் கவர், தண்ணீர் பாட்டில், ஒரு டிபன் டப்பா. டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்புகிறார்கள். இப்படி மாதக்கணக்கில்.

கீமோ என்றால் முடி கொட்டும், வாந்தி வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். சினிமாவே சொல்லிக்கொடுத்திருக்கிறது. சினிமாவில் வராத பக்கவிளைவு ஒன்று உண்டு. கால் விரல் நுனியில் சுறுசுறுப்பாக ஆரம்பிக்கும். பிறகு எரிச்சல், குத்தல், மரத்துப் போதல். பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கும். செருப்பு கழன்று போனதே தெரியாமல் நாலு அடி நடந்துவிடுவார்கள். கையிலும் வரும். சட்டை பட்டன் போட முடியாது. கோலப்பொடி விரலிடுக்கில் நிற்காது. பூ கட்டிப் பிழைக்கிற பெண்மணிக்கு விரல் நுனி மரத்துப்போனால் அது வெறும் பக்கவிளைவா, சொல்லுங்கள்? வேலையே போயிற்று.

அபூர்வமான சமாசாரமும் இல்லை. 31 ஆய்வுகள், 4,179 நோயாளிகள் என்று மொத்தமாகக் கூட்டிப் பார்த்து 2014-ல் ஒரு கணக்கு வந்தது. கீமோ முடிந்த முதல் மாதத்தில் 68 சதவிகிதம் பேருக்கு இந்த நரம்புப் பாதிப்பு. ஆறு மாதம், அதற்கு மேல் ஆன பிறகு 30 சதவிகிதம். இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

நோட்டீஸுக்கு வருவோம். எந்த ஊர் அச்சகத்தில் அடித்தாலும், பெரும்பாலும் ஐந்து வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதல் வாக்கியம்: முழுக்க முழுக்க மூலிகை, பக்கவிளைவு இல்லாதது.

நித்யகல்யாணி தெரியும்தானே? சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். ஊதாவும் வெள்ளையுமாக, தண்ணீர் ஊற்றாவிட்டாலும் காம்பவுண்டு ஓரத்தில் பூக்கிற செடி. பூர்வீகம் மடகாஸ்கர். இதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சர்க்கரை குறையும் என்று ஜமைக்காவில் நம்பினார்கள். 1950-களில் அந்த இலை கனடாவுக்குப் போனது. ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை அசையவில்லை. வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்தன. அட, ரத்தப் புற்றுநோயில் குறைக்க வேண்டியது அதைத்தானே! அங்கிருந்து வின்பிளாஸ்டின் வந்தது. அதே செடியிலிருந்து அடுத்து வின்கிரிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் இன்றைக்கும் அது இல்லாமல் சிகிச்சை இல்லை.

இன்னொன்று பேக்லிடாக்செல். மார்பகம், சினைப்பைப் புற்றுநோய்களுக்குக் கொடுப்பது. அமெரிக்காவின் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் இருந்தது. 1971-ல் அதன் அமைப்பை வெளியிட்டவர்களில் ஒருவர், மன்சுக் வாணி என்ற இந்தியர்.

விஷயம் என்னவென்றால், கை, கால் நரம்பைக் கெடுப்பதில் பேர் வாங்கிய கீமோ மருந்துகளில் இந்த இரண்டும் முன்வரிசை. இரண்டும் மூலிகை! செல்லுக்குள் நுண்குழாய்கள் உண்டு. புற்று செல் இரண்டாகப் பிரிய அந்தக் குழாய்கள் வேண்டும். வின்கிரிஸ்டின் குழாயைக் கட்ட விடாது. பேக்லிடாக்செல் கட்டியதைப் பிரிக்க விடாது. செல் திணறிச் சாகும். ஆனால் நரம்புக்கும் அதே குழாய்கள்தான் ரயில் தண்டவாளம். முதுகெலும்புப் பக்கத்தில் இருக்கிற தலைமையகத்திலிருந்து சரக்கு அதன் வழியாகத்தான் கால் விரல் வரை போகிறது. தண்டவாளம் பழுதானால் கடைசி ஸ்டேஷன் முதலில் பட்டினி கிடக்கும். அதனால்தான் எரிச்சல் கால் விரலில் ஆரம்பிக்கிறது.

ஆக, மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை என்று அந்த நோட்டீஸ் சொல்வது, மூலிகையின் பக்கவிளைவாலேயே கால் மரத்துப் போனவரிடம். இதைவிடப் பெரிய நகைச்சுவைக் காட்சி சமீபத்தில் நான் பார்க்கவில்லை.

இரண்டாம் வாக்கியம்: நரம்புகளைப் பலப்படுத்தும்.

எந்த நரம்பை? தமிழில் இந்த வார்த்தை ரொம்பப் பாவம். யாழின் தந்தியும் நரம்புதான். வாழை இலையில் ஓடுவதும் நரம்புதான். ஊசி போட வரும் நர்ஸ், "நரம்பு கிடைக்கலைம்மா, கையை நல்லா மடக்குங்க" என்கிறார். அவர் தேடுவது ரத்தக் குழாயை. காலில் ரத்தக் குழாய் புடைத்தால் 'நரம்பு சுருட்டிக்கிச்சு'. இது போதாதென்று, பத்திரிகை விளம்பரங்கள் பல காலமாக 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லை எந்த அர்த்தத்தில் பயன்படுத்துகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். குடும்பப் பத்திரிகையில் அதற்கு மேல் விளக்க வேண்டாம்.

விளைவு என்ன? கீமோவால் உணர்வு நரம்பு பழுதான ஒருவர் கடைக்குப் போய் 'நரம்பு வீக்' என்கிறார். கடைக்காரர் லேகியம் எடுத்துக் கொடுக்கிறார். அது எந்த 'நரம்பு'க்குச் செய்தது என்று இருவருக்கும் தெரியாது. வார்த்தை குழம்பினால் வைத்தியமும் குழம்பும். டாக்டரிடம்கூட 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லாதீர்கள். "ரெண்டு பாதமும் மரத்துப் போகுது, ராத்திரி எரியுது, பட்டன் போட முடியலை" என்று சொல்லுங்கள். அதுதான் உருப்படியான தமிழ்.

மூன்றாம் வாக்கியம்: ஆயிரக்கணக்கானோர் குணமடைந்துள்ளனர்.

இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன இரண்டு எண்களை இப்போது எடுங்கள். முதல் மாதம் 68. ஆறு மாதம் கழித்து 30. நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர் நடுவில் பட்டியலிலிருந்து கழன்றுகொண்டார்கள். பலருக்கு இது நாளாக ஆகத் தானாகவே குறைகிறது. அந்த ஆறு மாதத்தில் லேகியம் சாப்பிட்டவர் லேகியத்துக்கு மாலை போடுவார். முருங்கைக்கீரை சூப் குடித்தவர் சூப்புக்கு. திருப்பதிக்கு வேண்டிக்கொண்டவர் பெருமாளுக்கு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. டுலாக்சிடின் என்ற மாத்திரையை அமெரிக்காவில் 231 நோயாளிகளிடம் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். ஒரு சமயம் நிஜ மாத்திரை, ஒரு சமயம் அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. எது எதுவென்று சாப்பிடுபவருக்குத் தெரியாது. நிஜ மாத்திரையில் வலி குறைந்தவர்கள் 59 சதவிகிதம். வெறும் மாத்திரையில்? 38 சதவிகிதம்! வெறும் மாவு உருண்டையை விற்றிருந்தால்கூட, நூற்றுக்கு 38 பேர் "கை கண்ட மருந்து சார்" என்று வீடியோவில் சாட்சி சொல்லியிருப்பார்கள். பொய் சாட்சி அல்ல. அவர்களுக்கு நிஜமாகவே வலி குறைந்தது. மருந்தால் குறைந்ததா என்பதுதான் கேள்வி. அதற்கு ஆயிரம் சாட்சிகள் போதாது. ஒரு நேர்மையான ஒப்பீடு போதும்.

நான்காம் வாக்கியம்: ஈராயிரம் ஆண்டுப் பாரம்பரியம்.

சித்த மருத்துவத்தில் எண்பது வாத நோய்கள் என்று கணக்கு உண்டு. எரிச்சலையும் மரப்பையும் கூர்ந்து பார்த்து எழுதிவைத்தவர்கள் நம் ஆட்கள். மரியாதைக்குரிய விஷயம். ஆனால் கீமோ என்பதே 1940-களில் பிறந்த சிகிச்சை. வின்கிரிஸ்டின் புழக்கத்துக்கு வந்தது 1960-களில். அது கெடுத்த நரம்பைப் பற்றி அகத்தியர் எப்படி எழுதியிருக்க முடியும்? பழைய மருந்து புதிய நோய்க்கு உதவக்கூடும். உதவக்கூடும் என்பது யூகம். யூகத்தைச் சோதிக்க வேண்டும்.

ஜப்பான்காரர்கள் சோதித்தார்கள். அவர்களுக்கும் பாரம்பரிய வைத்தியம் உண்டு. அதில் கோஷாஜின்கிகன் என்று பத்துச் சரக்கு சேர்ந்த ஒரு மருந்து. லவங்கப்பட்டை எல்லாம் போட்டது. கால் மரப்புக்குக் காலங்காலமாகக் கொடுப்பது. குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து ஏற்றுவார்கள். அதை ஏற்றிக்கொண்டவர் ஃப்ரிட்ஜில் கை வைத்தால் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். அந்த நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் வந்த சிறிய ஆய்வில் நல்ல அறிகுறி. சாப்பிட்டவர்களில் 39 சதவிகிதம் பேருக்கு ஓரளவு கடுமையான பாதிப்பு, சாப்பிடாதவர்களில் 51. நம் ஊராக இருந்தால் அன்றைக்கே பேனர் கட்டியிருப்போம்.

அவர்கள் அடுத்து 182 பேரை வைத்துப் பெரிய ஆய்வு செய்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 50.6 சதவிகிதம் பேருக்குப் பாதிப்பு. வெறும் மருந்து சாப்பிட்டவர்களில் 31.2 மட்டுமே. அப்படியே தலைகீழ்! ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டு, முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். என் கண்ணுக்கு இதுதான் பாரம்பரியத்துக்குச் செய்யும் மரியாதை. தாத்தாவின் மருந்தைப் பரீட்சை எழுத வைப்பது. மார்க் குறைந்தால் அதையும் சொல்வது.

மூலிகை மட்டுமல்ல, 'நரம்புக்குச் சத்து' என்று விற்கிற மாத்திரைக்கும் இதே கதை. அசிட்டைல் எல்-கார்னிடைன் என்ற சத்து மாத்திரை நரம்பைக் காக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 409 பெண்களிடம் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். சாப்பிட்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு அதிகமாகியிருந்தது.

ஐந்தாம் வாக்கியம்: ஆங்கில மருந்துடன் சேர்த்தே சாப்பிடலாம்.

ஐந்தில் இதுதான் ஆபத்தான வாக்கியம். உடம்புக்குள் 'இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்', 'தமிழ் டிபார்ட்மென்ட்' என்று தனித்தனி கவுன்ட்டர் கிடையாது. எல்லாம் ஒரே கல்லீரல். வின்கிரிஸ்டினைச் சிதைத்து வெளியேற்றுவது அங்கே இருக்கிற ஒரு நொதி. இட்ராகோனசோல் என்ற காளான் மருந்து அந்த நொதியை முடக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது நரம்புப் பாதிப்பு கடுமையானது என்று மருத்துவ இதழ்களில் நிறையவே பதிவாகியிருக்கிறது. மிளகிலும் திப்பிலியிலும் இருக்கிற பைப்பரின், சோதனைக்கூடத்தில் அதே நொதியை மட்டுப்படுத்துகிறது. ரசத்தில் போடும் மிளகைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். திரிகடுகம் சேர்த்து, செறிவாக்கி, வேளைக்கு ஒரு ஸ்பூன் என்று கொடுப்பது வேறு கதை. அதைக் கீமோ நடக்கும்போது சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது உலோகம். அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். 14-ல் ஈயமோ, பாதரசமோ, ஆர்செனிக்கோ இருந்தது. சித்தத்தில் தாளகம், மனோசிலை என்று சொல்வதெல்லாம் ஆர்செனிக் சேர்ந்த பாஷாணங்கள்தான். முறைப்படி சுத்தி செய்தால் கெடுதல் இல்லை என்பது சித்த மருத்துவர்களின் வாதம். இருக்கட்டும். ஆனால் ஆர்செனிக் உடம்பில் சேர்ந்தால் என்ன செய்யும் தெரியுமா? பாதமும் கையும் மரத்துப் போகும், எரியும். அதே நோய்! லேபிளில் சரக்குப் பட்டியலே இல்லாத ஒரு பஸ்பத்தை ஏற்கெனவே நரம்பு வெந்துபோனவருக்குக் கொடுப்பது, தீக்காயத்துக்குக் கொள்ளிக்கட்டையால் ஒத்தடம் கொடுக்கிற மாதிரி.

சரி, நோட்டீஸை விமர்சித்தாயிற்று. அதை ஏன் ஜனங்கள் பத்திரமாக மடித்துப் பையில் வைக்கிறார்கள் என்று கேட்க வேண்டாமா? விமர்சனத்தின் இரண்டாம் பாதி ஆஸ்பத்திரிகளுக்கு.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு முன்னால் நாற்பது பேர் வரிசை. புற்று சுருங்கியதா என்று ஸ்கேன் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது. கால் எரிகிறது என்றால், "அது அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்." அறிவியல்படி பாதி உண்மை. ஆனால் ராத்திரி தூங்க முடியாதவருக்கு அது பதில் இல்லை. அலோபதியின் கையிருப்பும் பெரிதல்ல. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2020-ல் தன் வழிகாட்டுதலைப் புதுப்பித்தது. வந்துவிட்ட வலிக்கு அது சிபாரிசு செய்தது டுலாக்சிடின் ஒன்றைத்தான், அதுவும் மிதமான பலன் என்று. வராமல் தடுக்க எந்த மருந்தையும் சிபாரிசு செய்யவில்லை. ஆஸ்பத்திரி இப்படிக் காலியாக விட்ட இடத்தில்தான் நோட்டீஸ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டாக்டர் இரண்டு நிமிடம் பேசுகிறார். லேகியக்காரர் அரை மணி நேரம் கேட்கிறார். யார் ஜெயிப்பார்கள்?

இதில் நோயாளி இரண்டு இடத்தில் மறைக்கிறார். கால் மரப்பதைச் சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்று அதை மறைக்கிறார். லேகியத்தைச் சொன்னால் திட்டுவார்களோ என்று அதையும் மறைக்கிறார். முதல் மறைப்பு நரம்பைக் கொல்லும். ஏனென்றால், மருந்தின் அளவைக் குறைப்பது, இடைவெளி விடுவது, வேறு மருந்துக்கு மாறுவது - இன்றைய தேதியில் டாக்டர் கையில் இருக்கும் நிஜமான ஆயுதம் இதுதான். நேரத்தோடு சொன்னால்தான் அதை எடுக்க முடியும். சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் வகையில் மருந்தை நிறுத்தின பிறகும் சில மாதங்களுக்குப் பாதிப்பு ஏறிக்கொண்டே போகக்கூடும். இரண்டாவது மறைப்பு, டாக்டரைக் கண்ணைக் கட்டி வண்டி ஓட்ட வைக்கிறது.

மூலிகைக்கு எதிராக நான் கட்சி கட்டவில்லை. நம் மிளகாயின் காரம் கேப்சைசின். அதை 8 சதவிகிதம் செறிவில் ஒட்டும் பட்டையாகச் செய்து, அக்கி வந்து போன பிறகு நிற்கும் நரம்பு வலிக்கு 2009-லும், சர்க்கரை நோயாளிகளின் கால் நரம்பு வலிக்கு 2020-லும் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். சீன வைத்தியத்தின் ஆர்செனிக் சோதிக்கப்பட்டு, ஒருவகை ரத்தப் புற்றுநோயில் உயிர் காக்கும் மருந்தாகியிருக்கிறது. பரீட்சை எழுதினால் பாட்டி வைத்தியமும் பாஸாகும்.

அந்தப் பரீட்சையைப் புதுச்சேரியில் நடத்தலாம். கோரிமேட்டில் ஜிப்மர். அதே ஊரில் மத்திய அரசின் சித்த மருத்துவ மண்டல ஆராய்ச்சி நிலையம். ஒருவரிடம் நோயாளிகள், இன்னொருவரிடம் மருந்து. இருநூறு பேருக்கு ஒரு தைலம். பாதிப் பேருக்கு நிஜம், பாதிப் பேருக்கு அதே வாசனையில் வெறும் எண்ணெய். ஆய்வை முன்கூட்டியே பதிவு செய்ய இந்தியாவில் 2007-லிருந்து அரசுப் பதிவேடு இருக்கிறது. ஜெயித்தால் ஊரெல்லாம் சொல்லலாம். தோற்றால் ஜப்பான் மாதிரி அதையும் சொல்லலாம். இந்த ஒரு ஆய்வு, லட்சம் நோட்டீஸுக்குச் சமம்.

சட்டமும் தூங்கவில்லை, தூங்குவது மாதிரி நடிக்கிறது. 1954-லேயே மருந்து, மாய வைத்திய விளம்பரங்களுக்கு எதிராக மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் அட்டவணை அதில் இருக்கிறது. புற்றுநோய் இருக்கிறது. நரம்பு மண்டலக் கோளாறுகள் இருக்கின்றன. நரம்புத் தளர்ச்சிகூட இருக்கிறது! முதல் தடவை மாட்டினால் ஆறு மாதம் வரை சிறை. பதஞ்சலி விளம்பரங்கள் விஷயத்தில் 2024-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்து, அந்த நிறுவனம் பேப்பரில் மன்னிப்பு விளம்பரம் போட்டது. டெல்லி வரை போனால்தான் சட்டம் கண் விழிக்கும் போலிருக்கிறது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. சர்க்கரையும் பி12 சத்துக் குறைவும் இதே எரிச்சலைக் கொண்டுவரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ரத்தத்தைப் பார்த்துவிடுங்கள். வெந்நீரை மரத்த காலால் சோதிக்காதீர்கள், முழங்கையால் சோதியுங்கள். தினம் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள், வலிக்காத புண்தான் மோசமான புண். பின்பக்கம் வார் வைத்த செருப்பு போடுங்கள். லேகியம் விற்பவரிடம் மூன்றே கேள்வி: இதில் என்னென்ன சரக்கு? இதே நோய்க்கு, எத்தனை பேரிடம் ஒப்பிட்டுச் சோதித்தீர்கள்? என் டாக்டரிடம் நீங்கள் பேசுவீர்களா?

பதில் எதுவாக இருந்தாலும், அடுத்த தடவை கீமோவுக்குப் போகும்போது அந்த பாட்டிலைப் பையில் ஸ்கேன் கவருக்குப் பக்கத்தில் வையுங்கள். டாக்டர் மேஜை மேல் எடுத்து வைத்து, "இதையும் சாப்பிடறேன்" என்று சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும். திட்டு வாங்கினால் நரம்பு கெடாது.